பண்டிகைக்கு அதன் பெயரையே சொல்வோம்: ஒரு குடியிருப்பாளர் குழுவின் நிலைப்பாடு

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் மின்தூக்கிக்குக் காத்திருப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது அறிவிப்புப் பலகை. டெங்கி எச்சரிக்கை, தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதி, காணாமற்போன பூனையின் படம் ஆகியவற்றுக்கு நடுவே ஆண்டில் ஏழெட்டு முறை பண்டிகை வாழ்த்து ஒன்றும் ஏறும். ஒவ்வொரு பண்டிகைக்கும் தனியாக வாழ்த்து ஒட்டுவதை விட்டுவிட்டு, எந்தச் சமயத்தையும் குறிப்பிடாத ‘விழாக்கால வாழ்த்துகள்’ என்ற பொது வரியை மட்டும் எப்போதும் பயன்படுத்தலாமே என்ற யோசனை குடியிருப்பாளர் குழுவின் முன் வைக்கப்பட்டது. யாரும் தாங்கள் விடுபட்டதாக நினைக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைதான் அது. ஆனாலும் குழு அதை ஏற்கவில்லை. எந்தப் பண்டிகையோ அதன் பெயரைச் சொல்லி வாழ்த்த வேண்டும் என்பதே குழுவின் நிலைப்பாடு.

பண்டிகைகளின் பெயரைப் பொதுவில் சொல்வது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. தீபாவளி 1929 முதல் இங்கே பொது விடுமுறை. விசாக தினம் 1955-இல் அந்த வரிசையில் சேர்ந்தது. பிறகு 1968-இல் விடுமுறைகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டபோது முஸ்லிம்கள் நபிகள் நாயகத்தின் பிறந்தநாளையும், கிறிஸ்தவர்கள் ஈஸ்டரை ஒட்டிய சனி, திங்கள் இரண்டையும், இந்துக்கள் தைப்பூசத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு மிஞ்சிய நாள்கள்தான் இன்றைய நாட்காட்டியில் சிவப்பில் நிற்கின்றன. அவரவர் நாள்களில் சிலவற்றைக் கொடுத்துவிட்டுக் காப்பாற்றிக்கொண்ட பண்டிகைகளின் பெயரையும் ஒரு பொது வரிக்குள் கரைத்துவிடுவது நியாயமாகாது.

பொது வாழ்த்தை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவை எடுத்துக்காட்டுகிறார்கள். அங்கே ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்பதா, ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ என்பதா என்ற வாக்குவாதம் டிசம்பர்தோறும் எழுகிறது. பெரும்பான்மையினரின் ஒரே பண்டிகை அந்த மாதம் முழுவதையும் நிறைத்துவிடுவதால், அதே பருவத்தில் ஹனுக்காவோ குவான்ஸாவோ கொண்டாடுபவர்களுக்கும் இடம் விட ஒரு பொதுச்சொல் அங்கே தேவைப்படுகிறது. சிங்கப்பூரின் கணக்கே வேறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் பௌத்தர்கள் 31 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 19, முஸ்லிம்கள் 16, தாவோ சமயத்தார் 9, இந்துக்கள் 5. எந்தச் சமயத்தையும் சாராதவர்கள் 20 விழுக்காடு. இங்கே எவரும் பெரும்பான்மையினர் இல்லை. பண்டிகைகளும் ஒரே மாதத்தில் குவியாமல் ஆண்டு நெடுகப் பரவிக் கிடக்கின்றன. மே மாதத்தில் விசாக தினத்தன்று ‘விழாக்கால வாழ்த்துகள்’ என்று எழுதினால், பக்கத்து வீட்டுப் பாட்டி எதற்காகக் கோயிலுக்குக் கிளம்புகிறார் என்பதைக்கூட அந்தப் பலகை சொல்லாது.

இரண்டு பண்டிகைகள் சேர்ந்து வரும் காலமும் உண்டு. இஸ்லாமிய ஆண்டு ஏறத்தாழ 354 நாள் கொண்டது. அதனால் நோன்புப் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. 1996 முதல் 1998 வரை அது சீனப் புத்தாண்டை ஒட்டி வந்தது. 2005-இலும் 2006-இலும் தீபாவளி முடிந்த சில நாள்களில் வந்தது. மலேசியாவில் மக்களே சீனப் புத்தாண்டோடு வந்தபோது ‘கொங்சி ராயா’ என்றும் தீபாவளியோடு வந்தபோது ‘தீபா ராயா’ என்றும் பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். ஒன்றாக வந்த பண்டிகைகளில் எதன் பெயரையும் மறைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. இரண்டையும் சேர்த்தே உச்சரித்தார்கள். குழுவுக்கு அதுதான் முன்மாதிரி. 2029-இலும் 2030-இலும் சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் மீண்டும் அடுத்தடுத்து வரவிருக்கின்றன. அப்போது பலகையில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும்.

பொது வாழ்த்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. எல்லா நாளும் மகிழ்ச்சிக்கான நாள் அல்ல. 2026-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. மறுநாள் சாம்பல் புதன். கத்தோலிக்கர்களின் தவக்காலத் தொடக்கம். அதே வாரத்தில் ரமலான் நோன்பும் தொடங்குகிறது. ஒரு வீட்டில் விருந்து, அடுத்த வீட்டில் நோன்பு, அதற்கடுத்த வீட்டில் தவக்காலம். இந்த மூன்று வீட்டுக்கும் பொருந்துகிற ஒரே வரியை எவராலும் எழுத முடியாது. புனித வெள்ளி பொது விடுமுறைதான் என்றாலும் இயேசு சிலுவையில் அறையப்பட்டதை நினைந்து துக்கம் காக்கும் நாள். அன்று குழு வாழ்த்து எதுவும் ஒட்டாது. குழுவின் வாழ்த்து ஈஸ்டர் ஞாயிறன்று வரும். ரமலான் தொடங்கும்போது நோன்பு நலமாக அமையட்டும் என்று ஒரு வரி, மாத முடிவில் பெருநாள் வாழ்த்து. சீனர்களின் ஏழாம் மாதத்துக்கு வாழ்த்து தேவையே இல்லை. அந்த மாதம் மூதாதையருக்குப் படையலிடும் காலம். படையல்களை மிதிக்காமல் நடக்கவும், கெத்தாய் எனும் இசை நிகழ்ச்சி மேடையின் முன், ஆவிகளுக்கென விடப்படும் முன்வரிசை நாற்காலிகளில் உட்காராமல் இருக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

குழு அதிக நேரம் பேசியது துக்க வீடுகளைப் பற்றித்தான். இந்து வீட்டில் சாவு விழுந்தால் அந்த ஆண்டு தீபாவளி கிடையாது. பலகாரம் சுடமாட்டார்கள், புதுத்துணி எடுக்கமாட்டார்கள். சீனக் குடும்பங்கள் பலவற்றிலும் துக்கம் நடந்த ஆண்டில் சிவப்பு அலங்காரம் இல்லை, புத்தாண்டுக்கு உறவினர் வீட்டுக்குப் போவதும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக் கதவைத் தட்டி, ஆரஞ்சுப் பழங்களையோ முறுக்குத் தட்டையோ நீட்டி, சிரித்த முகத்தோடு வாழ்த்தினால் எவ்வளவு வலிக்கும் என்பது அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எனவே வீடு வீடாகப் போகும் தொண்டூழியர்கள் முதலில் அந்தந்த மாடியில் உள்ளவர்களிடம் விசாரித்துவிட்டே போக வேண்டும். துக்க வீட்டில் வாழ்த்து இல்லை. ஆனால் அந்த வீட்டைத் தாண்டிச் செல்லவும் கூடாது. வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டு வரவேண்டும்.

பெயர் சொல்லி வாழ்த்துவதென்றால் யார் எந்தச் சமயம் என்று முகத்தைப் பார்த்து முடிவுகட்டலாம் என்று பொருளல்ல. தமிழர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த சிக்கல். தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்ததுமே தீபாவளி வாழ்த்துச் சொல்லிவிடுகிறார்கள் சக ஊழியர்கள். சிங்கப்பூர் இந்தியர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் முஸ்லிம். எட்டுப் பேரில் ஒருவர் கிறிஸ்தவர். தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826-இலேயே சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமியா பள்ளிவாசலுக்கு அடித்தளமிட்டார்கள். ஒஃபிர் சாலையின் லூர்து மாதா தேவாலயம் 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்தது. இரு நூற்றாண்டுகளாக இங்கே வேரூன்றிய இந்தக் குடும்பங்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் “நாங்கள் கொண்டாடுவதில்லை” என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதேபோல் பௌத்த வீடா, தாவோ வீடா, கிறிஸ்தவ வீடா என்பதைச் சீனப் பெயர் ஒன்றும் சொல்லிவிடாது. சந்தேகம் இருந்தால் “இந்த வாரம் உங்கள் வீட்டில் பண்டிகை உண்டா?” என்று கேட்பதே மரியாதை. பலகையில் ஒட்டும் வாழ்த்தும் ‘விசாக தினம் கொண்டாடும் அண்டைவீட்டாருக்கு’ என்றுதான் தொடங்கும். கொண்டாடாதவர் மீது அது பண்டிகையைச் சுமத்தாது.

வாழ்த்துவதற்கு யாரும் கட்டாயப்படுத்தப்படக்கூடாது என்பதிலும் குழு உறுதியாக இருக்கிறது. வேறு சமயத்தின் பண்டிகை வாழ்த்தைத் தங்கள் வாயால் சொல்லத் தயங்கும் பக்தர்கள் எல்லாச் சமயங்களிலும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸையே கொண்டாடாத கிறிஸ்தவப் பிரிவுகள்கூட உண்டு. சமயமே வேண்டாம் என்பவர்கள் ஐந்தில் ஒருவர். இவர்கள் எவரையும் வெறுப்பவர்கள் என்று எடுத்துக்கொள்வது தவறு. தொண்டூழியர்களில் அப்படித் தயங்குபவர்கள் நாற்காலி அடுக்கலாம், உணவு பரிமாறலாம். அதற்கு அவர்களிடம் காரணம் கேட்கக்கூடாது. பொது வரியை அடியோடு ஒதுக்கவும் இல்லை: யாருக்குப் போகிறதென்றே தெரியாத கடிதம், எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் அனுப்பும் ஆண்டிறுதிக் கணக்கறிக்கை போன்றவற்றில் ‘புத்தாண்டு வாழ்த்துகள்’ என்ற பொது வரி பொருத்தமானதே.

பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு நெருங்கி வாழ முடியும் என்பதை வாட்டர்லூ தெருவில் எவரும் பார்க்கலாம். அங்கே குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீனப் பக்தர்கள் பலர் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். அதே தெருவில் 1878 முதல் யூதர்களின் மகாயின் அபோத் தொழுகைக்கூடம் இருக்கிறது. ஒன்றின் பெயரை இன்னொன்று மறைக்கவில்லை.

இனி நடைமுறை. விடுமுறைப் பட்டியலில் இல்லாத தைப்பூசம், பொங்கல், வைசாகி, நவ்ரோஸ், ஹனுக்கா போன்றவையும் அவற்றைக் கொண்டாடும் ஒரு வீடு புளோக்கில் இருந்தாலே பலகையில் இடம்பெறும். வீடுகளின் எண்ணிக்கை கணக்கில் எடுக்கப்படாது. வாழ்த்து நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் எழுதப்படும். ஒவ்வொன்றையும் அந்த மொழியை வீட்டில் பேசும் ஒருவர் படித்துப் பார்த்த பின்னரே அச்சுக்குப் போகும். தமிழ் எழுத்துகள் குலைந்து, கொம்பும் காலும் இடம் மாறித் தொங்கும் பதாகைகளைப் பார்த்துத் தமிழர்கள் சலித்துவிட்டார்கள். தெய்வ உருவங்களும் திருமறை வசனங்களும் பலகையில் இடம்பெறா. பண்டிகை முடிந்ததும் தாள் குப்பைக்குப் போகும் என்பதுதான் காரணம். கோலம், விளக்கு, கெதுப்பாட், தாமரை, மண்டரின் ஆரஞ்சு, நட்சத்திரம் போதும். விடுபட்ட பண்டிகை எதையும் சேர்க்க விரும்புபவர்கள் அந்த நாளுக்கு மூன்று வாரம் முன்பு குழுவின் செயலாளரிடம் தெரிவிக்கலாம். துக்கம் நடந்த வீட்டார் தாங்களே சொல்லவேண்டியதில்லை. பக்கத்து வீட்டார் யாராவது சொன்னாலும் போதும்.