ஒரு பகலில் தில்லி

தில்லியைச் சுற்றிக் காட்டும் பேருந்துகள் காலை எட்டு மணி அளவில் புறப்பட்டு, மாலை விளக்கேற்றும் வேளையில் நம்மைக் கொண்டுவந்து இறக்கி விடுகின்றன. இடையில் குதுப் மினார், தாமரைக் கோயில், ஹுமாயூன் கல்லறை, இந்தியா வாயில், ராஜ்காட், செங்கோட்டை என ஏழெட்டு இடங்கள். இடத்துக்கு இருபது அல்லது முப்பது நிமிடம். இறங்குவதும், படம் எடுப்பதும், ஏறுவதுமாகப் பகல் கழிந்து விடுகிறது. இரவில் பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஐஸ்கிரீம் வாங்கிய இடம் நினைவிருக்கும். அரசர்களெல்லாம் ஒன்றாகக் கலந்து போயிருப்பார்கள்.

இப்பேருந்துகளில் கூட நாம் நமக்காக ஏறுவதில்லை. ஊரிலிருந்து மைத்துனரோ சம்பந்தியோ வந்தால் அவர்களுக்குத் துணையாக ஏறுகிறோம். கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விகாரிலும் பத்தாண்டு, இருபதாண்டு குடியிருக்கும் நம் வீடுகளில் ஒரு வழக்கத்தைக் கவனித்திருக்கலாம். 'ஊர்' என்றால் அது கும்பகோணம், அல்லது தென்காசி, அல்லது காரைக்குடி. தில்லிக்குப் பெயரே கிடையாது. 'இங்கே' என்று சொல்லி விடுகிறோம். பெரியவர்களுக்கு இதனால் குறையொன்றுமில்லை. இங்கேயே பிறந்த பிள்ளைகளின் நிலை வேறு. கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால் அவர்கள் தில்லிப் பிள்ளைகள். இங்கே பள்ளியில் மதராசிப் பிள்ளைகள். தம் ஊர் எது என்று சொல்ல அவர்களுக்கு ஓர் இடம் வேண்டாமா?

ஆகவே சென்ற தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பேருந்து அமர்த்தி, உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். மூன்றே இடங்கள் என்று முன்னதாகவே சொல்லி விட்டோம். "மூன்று இடத்துக்கு ஒரு பகலா?" என்று அவர் வியந்தார். குதுப் மினார், பிரோஸ் ஷா கோட்லா, செங்கோட்டை. இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. தில்லியின் தலைநகரங்கள் பெரும்பாலும் தெற்கே தொடங்கி வடக்கு நோக்கி நகர்ந்தவை. மெஹ்ரோலியிலிருந்து யமுனைக் கரை ஓரமாக வடக்கே செல்லச் செல்ல, பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து பதினேழாம் நூற்றாண்டுக்கு வந்து சேரலாம். 1931-இல் திறக்கப்பட்ட புது தில்லி இவ்வொழுங்கைக் குலைத்து நடுவில் வந்து அமர்ந்துகொண்டது.

குதுப் மினாரை அடைந்தபோது மூடுபனி விலகவில்லை. மேல் அடுக்குகள் கண்ணுக்குப் படவில்லை; 72 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பாதியைத்தான் கண்டோம். வழிகாட்டி நேரே எங்களை இரும்புத் தூணருகே அழைத்துச் சென்று, "ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகத் துருப்பிடிக்கவில்லை, எந்த அறிஞருக்கும் விளங்காத மர்மம்" என்று இந்தியில் முழங்கினார். வழிகாட்டிகளுக்கு மர்மத்தில் விருப்பம் மிகுதி. உண்மை மர்மத்தைவிடச் சுவையானது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பேராசிரியராக இருந்து 2009-இல் மறைந்த பாலசுப்பிரமணியம் அவர்கள் இத்தூணைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து நூல்களே எழுதியிருக்கிறார். குப்தர் காலத்துக் கொல்லர்கள் மரக்கரியைக் கொண்டு இரும்பை உருக்கிய முறையில் பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கிவிட்டது. அப்பாஸ்பரஸ் காலப்போக்கில் தூணின் மேற்பரப்பில் மெல்லியதொரு காப்புப் படலத்தை உண்டாக்கியிருக்கிறது. தூண் துருவே பிடிக்கவில்லை என்பதன்று. முதலில் பிடித்த துருவே கவசமாகிப் பின்னர் வரும் துருவைத் தடுக்கிறது. பத்தாம் வகுப்புப் பயிலும் பெண்ணொருத்தி இதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். தூணைப் பின்புறமாகக் கைகோத்துத் தழுவினால் நினைத்தது கைகூடும் என்ற நம்பிக்கையால் வந்தவரெல்லாம் தழுவித் தழுவித் தேய்த்ததால், 1997-இல் வேலி போட்டு விட்டார்கள்.

மினாரின் உள்ளே ஏற ஏன் விடுவதில்லை என்று சிறுவர்கள் கேட்டனர். 1981 டிசம்பர் 4 அன்று படிக்கட்டில் விளக்கு அணைந்து, நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். அன்றுமுதல் கதவு அடைபட்டிருக்கிறது. வழிகாட்டி இதைச் சொல்லவில்லை. நாம் சொன்னோம். அதற்குப்பின் வரிசையில் முண்டியடிப்பது சற்றுக் குறைந்தது.

பக்கத்துப் பள்ளிவாசலின் தூண்களில் மணிகளும் சங்கிலிகளும் தாமரைகளும் செதுக்கப்பட்டிருப்பதைக் குழந்தைகள் தாமே கண்டுபிடித்தனர். இருபத்தேழு கோயில்களின் கற்களைக் கொண்டு இது எழுப்பப்பட்டதென்று அதன் கிழக்கு வாயிற் கல்வெட்டே சொல்கிறது. இருப்பதை இருந்தபடி சொல்லி மேலே நடந்தோம்.

எல்லோரும் பேருந்துக்குத் திரும்ப முற்பட்டபோது, நாம் அவர்களை அலாய் தர்வாசா என்னும் வாயிலின் முன் நிறுத்தினோம். செம்மணற் கல்லும் வெண்பளிங்கும் இழைத்த அழகிய கட்டடம். இதைக் கட்டியவன் அலாவுதீன் கில்ஜி. ஹிஜ்ரி 710 என்று ஆண்டு பொறித்திருக்கிறான். நம் கணக்கில் 1310 மே மாதக் கடைசியிலிருந்து 1311 மே மாதம் வரை. அதே ஹிஜ்ரி ஆண்டில்தான் அவனுடைய படைத்தலைவன் மாலிக் காபூர் மதுரையில் நின்றான். பாண்டியச் சகோதரர் இருவர், சுந்தரரும் வீரரும், அரியணைக்குப் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஊர் நடுவே வீட்டுச் சண்டை நடக்கும்போது திருடனுக்குக் கதவு தட்ட வேண்டிய தேவை இல்லை.

இதைக் கேட்டதும் மதுரைக்காரரான அன்பர் ஒருவர் முகம் சிவந்து, "அப்படியானால் இந்தப் பளிங்கெல்லாம் நம் மீனாட்சியம்மன் சொத்து என்று சொல்லுங்கள்" என்றார். அவர் சினம் நமக்கு விளங்கியது. ஆனால் புகைவண்டி நிலையத்தில் சரக்குக் கணக்கு எழுதுவது நம் பிழைப்பு. தேதி ஒத்துவராமல் நாம் ஒன்றையும் ஒப்புக்கொள்வதில்லை. ஹிஜ்ரி 710 முடிந்தது 1311 மே மாதத்தில். கொள்ளைப் பொருளோடு படை தில்லி திரும்பியது அக்டோபரில். சரக்கு வந்து சேருமுன் அதைச் செலவிட்டிருக்க இயலாது. வாயிலுக்கு வடக்கே ஒரு பெரிய கற்குவியல் போல நிற்கிறதே, அலாய் மினார், அதைப்பற்றி வேண்டுமானால் ஐயுறலாம். குதுப் மினாரைப்போல் இருமடங்கு உயரம் எழுப்ப அலாவுதீன் எண்ணினான். 1316-இல் அவன் இறந்தான். 25 மீட்டர் அளவில் வேலை நின்றது. பின்வந்தவர் எவரும் அதைத் தொடவில்லை. அன்பர் அதன் முன்னே சிறிது நேரம் நின்றிருந்தார்.

புல்வெளியில் கற்குடையொன்று தனியே நிற்பதையும் காட்டினோம். 1803 நிலநடுக்கத்தில் மினாரின் உச்சி சரிந்தபின், ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1828-இல் தம் விருப்பப்படி ஒரு குடை செய்து உச்சியில் வைத்தார். பார்ப்பதற்குப் பொருந்தவில்லையென்று 1848-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சின் ஆணைப்படி கீழே இறக்கி வைத்தார்கள். எழுபது மீட்டர் ஏறி இறங்கிய தொப்பி என்று பிள்ளைகள் அதற்குப் பெயரிட்டனர்.

பிரோஸ் ஷா கோட்லா என்றதும் சிறுவர்கள் கிரிக்கெட் மைதானத்துக்கென்று ஆரவாரித்தனர். அடுத்திருக்கும் இடிந்த கோட்டையை அவர்களில் எவனும் பார்த்ததில்லை. சுற்றுலாப் பேருந்துகளும் இங்கே நிற்பதில்லை. நம் மனம் மிகவும் தோய்ந்த இடம் இதுவே. காரணம் சரக்குத் தொழில்தான்.

கோட்டையின் நடுவில் அடுக்கடுக்காக உயரும் கட்டடத்தின் உச்சியில், ஏறத்தாழ பதின்மூன்று மீட்டர் நீளமுள்ள ஒரே கல்லாலான அசோகர் தூண் நிற்கிறது. அசோகர் அதை இங்கே நாட்டவில்லை. இன்றைய அரியானாவின் யமுனாநகர் மாவட்டத்திலுள்ள தோப்ரா என்ற சிற்றூரில் அது நின்றது. பதினான்காம் நூற்றாண்டில் சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் அதைக் கண்டு, தன் புதிய தலைநகருக்குக் கொண்டுவர விழைந்தான். எப்படிக் கொண்டு வந்தார்கள் என்பதை அபீப் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். தூணைச் சுற்றி இலவம்பஞ்சைக் குவித்து, அடியைத் தோண்டி, மெத்தைமேல் சாய்வதுபோல் சாய்த்தார்கள். நாணலாலும் பச்சைத் தோலாலும் அதைச் சுற்றினார்கள். நாற்பத்திரண்டு சக்கரங்கள் பூட்டிய வண்டியொன்று செய்து, ஒவ்வொரு சக்கரத்திலும் வடம் கட்டி, ஆயிரக்கணக்கானோர் யமுனைக் கரைவரை இழுத்தார்கள். பெரிய படகுகளில் ஏற்றித் தில்லி கொண்டுவந்தார்கள். இன்று கிரேனும் தண்டவாளமும் இருந்தும், நம் நிலையத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று முழுதாக வந்து சேர்ந்தால் நாம் மகிழ்ந்து போகிறோம். அக்காலத்துச் சரக்கு எழுத்தர் எவரோ, அவருக்கு நம் வணக்கம்.

தூணில் எழுதியிருந்ததை அன்று படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. பண்டிதர்களை அழைத்துக் கேட்டும் பயனில்லாமற் போயிற்று. ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் 1837-இல் அப்பிராமி எழுத்துக்களைப் படித்து முடித்தார். அதற்கு அவருக்குப் பெரிதும் உதவியவற்றுள் இத்தூணும் ஒன்று. மதுரைக்கருகே மாங்குளம் மலைக்குகையில் நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழி எழுத்துக்கள் இவற்றோடு நெருங்கிய உறவுடையவை. கீழிருந்து எழுத்துக்களைப் பிரித்தறிவது அரிது. ஆதலால் நாம் ஒரு தாளில் சில எழுத்துக்களை எழுதி எடுத்துச் சென்றிருந்தோம். கூட்டல் குறிபோல் இருப்பது 'க'. செங்குத்தாக நிற்கும் ஒற்றைக் கோடு 'ர'. இவ்விரண்டும் மாங்குளத்திலும் அப்படியே. சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் தமிழ் எழுத்துப் பழகும் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், "எங்கள் 'க'வைவிட இது எளிது" என்றான். வழிகாட்டியும் அத்தாளை வாங்கிப் பார்த்துத் தம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

கட்டுச்சோறு அங்கேயே முடிந்தது. புளியோதரையின் பாதி குரங்குகளுக்குப் போயிற்று.

செங்கோட்டையில் நௌபத்கானாவையும் திவானி ஆமையும் விரைவில் கடந்தோம். ஷாஜகான் 1648-இல் நிறைவு செய்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. 1857 எழுச்சிக்குப்பின் ஆங்கிலேயர் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிப் படைவீடுகள் கட்டினர். 2003 வரை இராணுவம் இங்கே இருந்தது. நேரு இங்கே முதன்முதல் கொடியேற்றியது 1947 ஆகஸ்டு 16 அன்று என்பதை வழிகாட்டி சரியாகவே சொன்னார். பதினைந்து என்று வாதிட்டவர்கள் நம்மவர்கள்.

அந்தப் படைவீடுகளுள் ஒன்றில் 2019-இல் நேதாஜிக்கும் இந்திய தேசிய இராணுவத்துக்கும் காட்சியகம் திறந்திருக்கிறார்கள். 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், பிரேம் சகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர்மீதும் வழக்கு நடந்தது இக்கோட்டையில்தான். புலாபாய் தேசாய் வாதாடினார். அந்த இராணுவத்தில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் ஏராளம். இது வழிகாட்டியின் பாடத்தில் இல்லை. நம்முடன் வந்த மூதாட்டி ஒருவர் பினாங்கில் பிறந்தவர். அவருடைய தமையனார் அப்படையில் சேர்ந்து பர்மா எல்லைக்குச் சென்று திரும்பாதவர். இந்தியும் ஆங்கிலமும் அறியாத அம்மையாருக்கு, அவர் பேரன் ஒவ்வொரு பலகையையும் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். அவனுக்குத் தமிழ் தடுமாறும். அன்று சொல் கிடைக்காத இடத்தில் நின்று தேடித் தேடிச் சொன்னான்.

"பெரிய தாத்தா பெயர் இருக்கிறதா, பார் அப்பா" என்றார் அவர்.

"எல்லார் பெயரும் எழுதவில்லை, பாட்டி."

"சரி, மற்றதைப் படி."

வழிகாட்டி ஐந்தரை மணி என்று இருமுறை நினைவூட்டினார். நாங்கள் யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை. வெளியே வந்தபின் அடுத்திருக்கும் சலீம்கர் கோட்டையைத் தொலைவிலிருந்து காட்டினோம். இந்திய தேசிய இராணுவக் கைதிகளைச் சிறைவைத்த இடம் அது. யமுனைப் பழைய இரும்புப் பாலத்திலிருந்து வரும் இருப்புப்பாதை அக்கோட்டையை ஊடறுத்துக்கொண்டு பழைய தில்லி நிலையத்துக்குச் செல்கிறது. அவ்வேளையில் ஒரு வண்டியும் சென்றது.

இதைப் படித்துவிட்டுத் தாமும் செல்ல விரும்புவோருக்குச் சில சொற்கள். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கோட்லாவில் வியாழக்கிழமைகளில், ஜின்களுக்கு மடல் எழுதி வைப்போர் கூட்டம் மிகுதி. அதைக் காண விரும்பினால் அன்று செல்லலாம். மதிய உணவைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். புளியோதரையானால் மூடியுள்ள பாத்திரத்தில். அடுத்த சுற்றுக்கு ஹுமாயூன் கல்லறையும் நிஜாமுதீனும் புராணா கிலாவும் என்று எண்ணியிருக்கிறோம். கோடைக்கு முன்னதாகவே போய்வர வேண்டும். சேர விரும்பும் குடும்பங்கள் பெயர் கொடுக்கலாம். தாத்தா பாட்டிமார் இருப்பின் அவர்களையும் அழைத்து வாருங்கள்.