பேரீத்தம் பழப் பாணி



நோன்பு கழிந்ததும் பல வீடுகளில் பேரீத்தம் பழம் மிஞ்சிக் கிடக்கும். காய்ந்து போனால் பிள்ளைகள் தொடமாட்டார்கள். வீசிவிடாதீர்கள்; பாணி காய்ச்சி வையுங்கள். கலப்பில்லாத கித்துள் பாணிக்கு விலை அதிகம். அதற்குப் பதிலாகத் தயிருக்கும் ரொட்டிக்கும் இது நன்றாகப் பொருந்தும். அரபு நாடுகளில் இதனை 'திப்ஸ்' என்பார்கள். ஈராக்கில் அரைத்த எள்ளுடன் குழைத்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வார்கள்.

தேவையானவை:
பேரீத்தம் பழம் - 250 கிராம்
தண்ணீர் - 3 கோப்பை
தேசிக்காய்ப் புளி - 1 தேக்கரண்டி

செய்முறை:
பழங்களைப் பிளந்து கொட்டையை நீக்குங்கள். பூச்சியோ பூஞ்சணமோ இருந்தால் அப்பழத்தை ஒதுக்கிவிடுங்கள். கழுவி, கொதிநீரில் இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். அதே நீருடன் இளந்தீயில் அரைமணி நேரம் அவித்து, மசித்து, ஆறியபின் சுத்தமான மெல்லிய துணியில் இட்டுப் பிழியுங்கள்.

பிழிந்த சாற்றை அடி தடித்த பாத்திரத்தில் ஊற்றி, தேசிப்புளி சேர்த்து, கிளறியபடி காய்ச்சுங்கள். கரண்டியின் பின்புறத்தில் ஒட்டும் பதம் வந்ததும் இறக்கிவிடுங்கள். ஆறும்போது இன்னும் தடிக்கும். அடுப்பிலேயே இறுக விட்டால் பின்னர் ஊற்ற முடியாது. கொதிநீரில் அவித்து உலர்த்திய போத்தலில் நிரப்பி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. நுரைத்தாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். துணியில் எஞ்சிய சக்கையை ரொட்டி மாவுடன் பிசையலாம்.

கேக்கில் ஒரு கோப்பை சீனிக்குப் பதிலாக முக்கால் கோப்பை பாணி போதும். பாலையோ தண்ணீரையோ இரண்டு மூன்று மேசைக்கரண்டி குறையுங்கள். கேக் விரைவில் கருகும் என்பதால் வெப்பத்தையும் சற்றுக் குறையுங்கள்.

முக்கியமான ஒன்று. "பழத்தில் செய்தது தானே, சீனி வருத்தக்காரருக்கு ஒன்றும் செய்யாது" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. ஒரு மேசைக்கரண்டி பாணியில் ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி சீனிக்குரிய இனிப்பு உண்டு. பழத்தை முழுதாக உண்டால் கிடைக்கும் நார்ச்சத்தும் வடிகட்டும்போது பெரும்பாலும் போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலும் பாணி, தேன் ஆகியவற்றைச் சீனியோடு சேர்த்தே கணக்கிடுகிறது. எனவே, நீரிழிவுள்ள உம்மாவுக்கோ மாமிக்கோ அன்பு மிகுதியால் தேநீரில் இதனைக் கலந்து கொடுத்துவிடாதீர்கள். அவர்களுக்கு எவ்வளவு ஆகும் என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கும் பாணி ருசிக்குத்தான், அளவோடு பரிமாறுங்கள்.