குறி துப்புதான், தீர்ப்பு அல்ல

புதுப்படம் வெளியான அன்று மாலையே டெலிகிராமில் ஓடுகிறது. பர்மா பஜாரில் திருட்டு விசிடி விற்ற காலத்தில் போலீஸ் கடைக்குள் புகுந்து பெட்டி பெட்டியாக அள்ளி வந்தது. இன்று அள்ள எதுவுமில்லை. எனவே படத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத குறி வைக்கிறார்கள். டிஜிட்டல் சினிமாவுக்கான டிசிஐ விதிப்படி ஒவ்வோர் ஐந்து நிமிடக் காட்சியிலும் 35 பிட் குறி பதிய வேண்டும்: இடத்தைச் சொல்ல 19, நேரத்தைச் சொல்ல 16. இத்தகைய தடயத்தை வைத்துத்தான் 2018இல் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் பத்துத் தியேட்டர்களுக்கு இனிப் படம் தருவதில்லை என அறிவித்தது.

சங்கத்தின் கோபம் நியாயமானது. குறி வைப்பதில் நமக்கு மறுப்பில்லை. குறியை மட்டுமே சாட்சியாகக் கொண்டு தண்டிப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

தனியாகத் திருடுபவன் இதில் சிக்கிவிடுவான். கூட்டுச் சேர்ந்தால் கதை வேறு. கிளியனூர், மரக்காணம், திண்டிவனம் என மூன்று ஊர்களில் மூன்று பேரிடம் ஒரே படம், தனித்தனிக் குறியோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறியின் ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1 இருக்கும். இருவர் பிரதிகளை ஒப்பிட்டால், வேறுபடும் இடங்களில் குறி இருப்பது தெரிந்துவிடும். அங்கே இரண்டில் எதையும் வைக்கலாம். ஒத்துப்போகும் இடத்தில் கை வைக்க முடியாது. இப்போது, ஒவ்வோர் இடத்திலும் மூவரில் இருவரிடமாவது உள்ள எண்ணையே கொண்ட திருட்டுப் பிரதி வெளிவருகிறது. அதைக் கிளியனூரும் மரக்காணமும் சேர்ந்து செய்திருக்கலாம். மரக்காணமும் திண்டிவனமும் செய்திருக்கலாம். திண்டிவனமும் கிளியனூரும்கூடச் செய்திருக்கலாம். மூன்று ஜோடிக்கும் பொதுவான ஆள் எவருமில்லை. ஆகவே ஒருவரையும் உறுதியாகக் கைகாட்ட முடியாது. கணினி ஆய்வாளர்கள் டான் போனேயும் ஜேம்ஸ் ஷாவும் 1995இல் நிறுவிய உண்மை இது. எத்தனை வேகமான கணினி வந்தாலும் மாறாது.

சிறு தவறுக்கு இடம் கொடுத்தால் வழி உண்டு. 2003இல் ஹங்கேரியக் கணிதவியலர் காபோர் டார்டோஷ் அதைக் காட்டினார். ஆயிரம் பேரில் இருவர் கூடும் நிலையில், நிரபராதி மாட்டிக்கொள்ளும் வாய்ப்பை ஆயிரத்தில் ஒன்றாக வைக்க, அவருடைய சூத்திரப்படி சுமார் 5,500 பிட் வேண்டும். பின்வந்தவர்கள் இந்த எண்ணை வெகுவாகக் குறைத்தார்கள். ஆனால் கூட்டாளிகள் இரட்டித்தால் குறியின் நீளம் நான்கு மடங்காகும் என்ற கணக்கிலிருந்து தப்ப வழியில்லை. அதையும் டார்டோஷே நிறுவிவிட்டார்.

ஆய்வகத்துச் சங்கதிதானே என்று ஒதுக்க முடியாது. 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாய் முதல் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் விதிக்கிறது. 100 கோடிப் படமென்றால் 5 கோடி! சிறு ஊரின் ஒற்றைத் திரை அரங்கு அதோடு மூடவேண்டியதுதான். வழக்கே போடாமல் படத்தை நிறுத்தினாலும் அதே கதி. அங்கே மேல்முறையீடும் கிடையாது.

ஆகவே குறி பற்றிய ஒவ்வோர் அறிக்கையும் எத்தனை பேர் கூட்டுக்குத் தாங்கும், தவறும் வாய்ப்பு எவ்வளவு என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். குறி வைத்த நிறுவனமே அதைப் படித்துச் சொல்வது போதாது. வெளி ஆய்வகமும் பார்க்கட்டும். கேமரா பதிவு, ஆபரேட்டரின் வாக்குமூலம் போன்ற வேறு சாட்சியம் ஒன்றாவது இல்லாமல், உரிமையாளரின் பதிலைக் கேட்காமல், எந்தத் தியேட்டருக்கும் படத்தை நிறுத்தக் கூடாது. இதைத் தயாரிப்பாளர் சங்கமும் திரையரங்க உரிமையாளர்களும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தமாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.