உறுதியும் காப்புறுதியும்



2020 டிசெம்பரில் புரேவிப் புயல் அடித்து ஓய்ந்த மறுகிழமை, குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனேன். ஓர் அக்கா முற்றத்தில் உடைந்த ஓடுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

"வீட்டைக் காப்புறுதி செய்யவில்லையா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். படித்தவளின் கேள்வி!

"உறுதி அவற்றை பேரிலை கிடக்கு பிள்ளை. அவர் எங்கையெண்டே தெரியாது. நான் என்னத்தைக் காட்டுறது?"

காணாமற்போனவர்களுக்காக 2016இல் சட்டம் வந்தது. இறந்துவிட்டார் என்று எழுதாமலே ஒரு சான்றிதழ் பெறலாம். அதைக்கொண்டு அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், உதவிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். "அவர் வருவார்" என்று அக்கா மறுத்தார். அந்தக் காகிதம் அவர் வரமாட்டார் என்று சொல்லவில்லை என்பதை விளங்கவைக்க மூன்று தடவை படகேறினேன்.

அதே 2016இல் அரசாங்கம் எல்லா வீடுகளுக்கும் இயற்கை அனர்த்தக் காப்புறுதியைத் தொடங்கியது. தவணைப்பணம் நாங்கள் கட்டவில்லை. வீடொன்றுக்கு 25 இலட்சம் ரூபா வரை என்பது அப்போதைய எல்லை. இன்றைய நிபந்தனைகளைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். சேதத்தைப் படமெடுத்து, கிராம அலுவலருக்குக் காட்டிய பிறகே ஓடுகளை அள்ளுங்கள்.

கம்பனியில் தீக் காப்புறுதி எடுப்பவர்கள், புயலும் வெள்ளமும் அதில் அடங்குமா என்று கேட்டபின் கையெழுத்திடுங்கள். பலவற்றில் அதற்கு வேறாகப் பணம் கட்டவேண்டும். கூரை ஓடா, பனையோலையா என்பதையும் மறைக்காதீர்கள்.

அக்கா இப்போது உறுதியையும் சான்றிதழையும் பொலித்தீனில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். காப்புறுதி மட்டும் இன்னும் எடுக்கவில்லை. ஓடு மாற்றிய கடன் முடியட்டுமாம்.