கோப்பு கைமாறும்போது

2018 டிசம்பரில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கண்டாவளைப் பிரிவின் தாழ்வான ஊர்களில் வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியது. முரசுமோட்டை போன்ற வயல்சார்ந்த ஊரில் வீடு வரைபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது தளமட்டத்தைத்தான். ஆனால் வவுனியாவில் ஒரு மேட்டுக்காணிக்கு வரைந்த ஓட்டோகாட் கோப்பு வாட்ஸ்அப்பில் கைமாறி முரசுமோட்டைக்கு வந்தால், அந்த மேட்டுக்காணியின் அத்திவார உயரமும் கூடவே வந்துவிடும். பெயர்ப்பெட்டியில் வரைந்தவரின் பெயரும் அழியாமல் இருக்கும். வெள்ளம் வந்தபின் வீட்டுக்காரர் தேடிவருவது அந்தப் பெயரைத்தான்.

கொந்தராத்துக்காரருக்குக் கோப்பைக் கொடுக்கவே கூடாது என்பது நம் வாதமல்ல. அவரை மீண்டும் முதலிலிருந்து வரையவைத்தால் புதுப் பிழைகளே சேரும். ஆனால் வரைபவர்களாகிய நாம் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டது தாளில். கோப்பு யாரும் திருத்தக்கூடியது. அவசரத்தில் கோட்டை நகர்த்தாமல் அளவெண்ணை மட்டும் மாற்றி எழுதும் பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. தாளில் 10 அடி என்றிருக்கும். கோப்பில் கோட்டை அளப்பவருக்கு ஒன்பதரை அடி வரும். தூண்கள் தனி இணைப்புக் கோப்பில் இருந்து அது அனுப்பப்படாமல் விடுபட்டால், தூணே இல்லாத தளப்படம்தான் திறக்கும். பிழை எந்தக் கணினியில் நேர்ந்தது என்று பிறகு நிறுவுவது மிகக் கடினம்.

“வாட்ஸ்அப்பில்தானே அனுப்பினேன்” என்பதும் உதவாது. இலத்திரனியல் வடிவில் இருப்பதனால் மட்டும் ஓர் ஆவணம் செல்லாததாகிவிடாது என்று இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது.

அமெரிக்கக் கட்டடக்கலைஞர் நிறுவகம் இத்தகைய கோப்புக் கைமாற்றத்திற்கென்றே 2007இல் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. நமக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். கோப்பு எந்தக் காணிக்கு, எந்த வேலைக்கு என்று அதில் இருக்கட்டும். முரண்பட்டால் கையொப்பமிட்ட தாளே செல்லும், அளவுகளைக் களத்தில் சரிபார்ப்பது கொந்தராத்துக்காரர் கடமை, அவர் செய்யும் மாற்றம் அவர் பொறுப்பு, பிறருக்குக் கொடுக்கக்கூடாது என்பனவும் இருக்கட்டும். அவர் கையொப்பமிட்ட பின்னரே கோப்பு போகட்டும், பெயர்ப்பெட்டியும் முத்திரையும் நீக்கப்பட்டு, திருத்த இலக்கமும் திகதியும் இடப்பட்டு. நம் சொந்தப் பிழைக்கு இக்கடிதம் கவசமாகாது; ஆகவும் கூடாது.

வன்னியில் பணிபுரிவோரிடம் இன்னொரு வேண்டுகோள். தளமட்டத்தை “நிலத்திலிருந்து இத்தனை அங்குலம்” என்று மட்டும் எழுதாதீர்கள். அயலவரிடம் கேட்டு 2018இல் நீர் ஏறிய உயரத்தை அறிந்து, அந்தக் காணியிலுள்ள நிலையான மட்டக்குறி ஒன்றோடு இணைத்து எழுதுங்கள்.