கிளட்ச் போனது, நினைவகம் போகவில்லை

மின்சார வண்டி வந்தபின் கிளட்ச் மிதிக்கத் தெரிவது வீண். அதுபோல நினைவக மேலாண்மை தெரிவதும் மென்பொருளாளருக்கு வீண் என்கிறார் நண்பர். உவமை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வண்டிதான் நகரவில்லை.

மின்சாரக் காரில் கியர் மாற்றும் வேலை ஒளிந்துகொள்ளவில்லை. அதன் தேவையே போய்விட்டது. பெட்ரோல் எஞ்சின் ஓரளவு சுற்றினால்தான் இழுக்கும். மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையோடு இழுக்கும். பெரும்பாலான மின்கார்களுக்கு ஒரே கியர் விகிதம் போதும். கோ (Go) போன்ற நிரல்மொழியில் நினைவக மேலாண்மை அப்படிப் போய்விட்டதா? பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் ‘குப்பை அள்ளும்’ வேலையை மொழியே செய்கிறது, அவ்வளவுதான். அரட்டைச் செயலி நடத்தும் டிஸ்கார்ட் நிறுவனம் கோ மொழியில் எழுதியிருந்த ஒரு சேவை ஏறத்தாழ 2 நிமிடத்துக்கு ஒருமுறை திணறியது. காரணம் அந்தக் குப்பை அள்ளல்தான் என்று கண்டுபிடித்து, சேவையை ரஸ்ட் மொழியில் திருப்பி எழுதி, 2020இல் வெளிப்படையாகவே சொன்னார்கள். கண்டுபிடித்தவர்கள் கிளட்ச் தெரிந்தவர்கள்.

(நானும் ஓட்டுவது கியரில்லாத ஸ்கூட்டர்தான், அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.) நண்பரின் பிழை வேறு: தன்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துப் பேசுகிறார். செயலியைத் தட்டுகிறவர்தான் ஓட்டுநர். நிரல் எழுதுகிறவர் கையில் ஸ்பேனரோடு பட்டறையில் நிற்க வேண்டியவர்.