மகளுக்கு வாங்கப்போகும் டிரம்

பழைய மாணவர் ஒருவர், "மகள் பள்ளி பேண்டில் சேர்ந்திருக்கிறாள். ஸ்நேர் டிரம் 14 அங்குலமா, 12 போதுமா சார்?" என்று கேட்டார். தறிக்கூலியில் மிச்சம் பிடித்து வாங்குகிறார், இரண்டாவது வாங்க வழியில்லை.

12 போதும் அப்பா. பிள்ளை தோளில் சுமந்து நடக்க வேண்டாமா? ஆனால் வாய் சிறுத்தால் ஒலி கீச்சென்று போகும். ஆழம் 6, 7 அங்குலம் இருக்கட்டும், நாதம் நிறையும். தோலை ரொம்ப முறுக்காதே. மான்பூண்டியா பிள்ளை கச்சேரிக்குக் கொண்டுவந்த கஞ்சிரா எத்தனை சின்னது! உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தடவினால் தோல் தளர்ந்து கும்மென்று இறங்குகிறதே.

பளபளப்பில் மயங்காதே, ஜரிகையை மட்டும் பார்த்தா புடவை எடுக்கிறோம்? கடைக்கு மகளையும் கூட்டிப்போ. விரல் நுனியால் அவள் தட்டட்டும். அதற்கும் அடிக்கம்பிகள் பேச வேண்டும்.